இரும்பு ஃபில்டரின் மீடியாவை மாற்றும் முன் மூன்று பாட்டில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மேடவாக்கம் பக்கம் தனி வீடு. 280 அடி போர். போர் மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர் நேராக இரும்பு ஃபில்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மாட்டிய ஃபில்டர் முதல் ஆறு மாதம் நன்றாக வேலை செய்தது. அதன் பிறகு வெள்ளைத் துணிகள் மஞ்சளித்தன, பக்கெட்டின் உட்புறம் செங்கல் நிறத்தில் வளையம் கட்டியது, தொட்டி நிரம்பும் நேரமும் கூடிவிட்டது. சர்வீசுக்கு வந்தவர் "மீடியா (ஃபில்டருக்குள் நிரப்பியிருக்கும் வடிகட்டும் மணிகள்) செத்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் புதிதாகப் போட்டதே ஆறு மாதத்தில் பழையபடி ஆனது ஏன், இப்போது மாற்றினாலும் இன்னொரு ஆறு மாதத்தில் இதே நிலைக்குத்தானே வரும் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன்.

வேதியியல் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீடுகளிலும் சிறு அடுக்ககங்களிலும் நீர் சுத்திகரிப்புச் சாதனங்களை நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், நல்ல மீடியா பதினெட்டு மாதத்தில் சாவது அரிது. அதற்குக் காற்று போதாமல் போயிருக்கும், அல்லது அதை ஒழுங்காகக் கழுவாமல் விட்டிருப்பார்கள். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் மாற்றினால், புதிய மீடியாவும் அதே வழியில்தான் போகும். உங்கள் வீட்டுத் தண்ணீரை நான் பார்த்ததில்லை, பரிசோதனை அறிக்கையும் இணைக்கப்படவில்லை. எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது எது, ஊகம் எது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கிறது என்றாலே அந்த நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்று பொருள். உங்கள் பகுதியைப் போலச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடங்களில் மண்ணுக்குள் மக்கிக் கிடக்கும் தாவரப் பொருள் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, அந்தச் சூழலில் பாறையிலும் களிமண்ணிலும் உள்ள இரும்பு கரைந்து நீரோடு வருகிறது. கரைந்த நிலையில் அதற்கு நிறமில்லை. அதனால்தான் மோட்டார் போட்டவுடன் கண்ணாடி போலத் தெளிவாக வரும் தண்ணீர், பக்கெட்டில் ஒரு மணி நேரம் நின்றதும் காவியாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்த இரும்பைக் கரையாத துருத் துகளாக மாற்றிவிடுகிறது. ஃபில்டர் பிடிப்பது இந்தத் துகளைத்தான். இரும்பு கரைந்த நிலையிலேயே மீடியாவைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நுண்ணிய மணலாலும் அதை வடிகட்ட முடியாது. இன்னொன்று, சர்வீஸ்காரர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து இரும்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். 800 காட்டும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இனி நீங்களே செய்யக்கூடிய சோதனை. நிறமில்லாத மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுத்து நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு பாட்டில், ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு பாட்டில், குளியலறைக் குழாயில் ஒரு பாட்டில் என்று பிடியுங்கள். ஒவ்வொன்றின் மீதும் எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டுங்கள். பிடித்த உடனே வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கால் பங்கு நீரைக் கொட்டிவிட்டு, மூடி போட்டு நன்றாகக் குலுக்கி, மறுநாள் காலை வரை அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் குலுக்காமல் அடியைப் பாருங்கள்.

ஃபில்டரைத் தாண்டிய நீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் அடியில் காவி படிந்திருந்தால், இரும்பு கரைந்த நிலையிலேயே மீடியாவைக் கடந்துவிட்டது. அங்கே குறை காற்றில் இருக்கிறது, அல்லது மீடியாவின் வினைத்திறனில் இருக்கிறது. பிடிக்கும்போதே மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருந்தால், துகள் உருவாகியிருக்கிறது, ஆனால் மீடியாப் படுகை அதைப் பிடிக்கவில்லை. அது பேக்வாஷ் குறை (பேக்வாஷ் என்பது நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டு மீடியாவைக் கழுவுவது), அல்லது வால்வுக்குள் சுத்திகரிக்காத நீர் கலக்கிறது. ஃபில்டரைத் தாண்டிய பாட்டில் காலையிலும் தெளிவாக இருந்து, குளியலறை பாட்டிலில் மட்டும் காவி இருந்தால், ஃபில்டர் மீது பழி போட வேண்டாம். மாடித் தொட்டியின் அடியில் பழைய துரு சேறாகப் படிந்திருக்கும், அல்லது வீட்டுக்குள் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அரித்துக்கொண்டிருக்கும். குழாய்த் துரு காலையில் முதல் பக்கெட்டில் அதிகமாக வந்து, தண்ணீர் ஓட ஓடக் குறையும். போர் இரும்பு அப்படிக் குறையாது. இரண்டு வீடுகளில் மீடியாவை மாற்றிய பிறகுதான் தொட்டியைக் கழுவவே இல்லை என்பது தெரியவந்தது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தொட்டி நிரம்பத் தாமதமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், பேக்வாஷ் குறை நிச்சயமாக ஒரு பங்கு வகிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,000 லிட்டர் நீர் பயன்படுத்துகிறீர்கள், அதில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 3 கிராம் இரும்பு ஃபில்டருக்குள் நுழைகிறது. அது துருவாக மாறும்போது உலர்ந்த எடையிலேயே ஏறக்குறைய 5.7 கிராம் ஆகிறது. பதினெட்டு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல். ஈரத்தில் அது பல மடங்கு பருத்த சேறாக இருக்கும். அத்தனையும் பேக்வாஷில் வெளியேறியிருக்க வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்து உணர்ந்த வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் ஞாயிறுதோறும் தவறாமல் கைப்பிடியைத் திருப்பி பேக்வாஷ் செய்வார், தேதியைச் சுவரில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். ஆனாலும் தண்ணீர் காவியாகவே வந்தது. தலைப்பக்க வால்வைக் கழற்றி உள்ளே கைவிட்டேன். மேலே ஒரு விரற்கடை அளவுக்குச் செம்மண் குழம்பு போன்ற கூழ். அதற்குக் கீழே கை இறங்கவில்லை. எலுமிச்சம்பழ அளவில் கட்டி கட்டியாக மீடியா இறுகியிருந்தது. ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், பொலபொலவென்று உடைந்தது. உள்ளே கறுப்பு மணிகள், சற்றும் கெடாமல், நாங்கள் போட்டபோது இருந்த மாதிரியே இருந்தன. டேங்கின் உட்சுவரை ஒட்டிப் பென்சில் பருமனில் மேலிருந்து கீழ்வரை ஒரு பொந்து போயிருந்தது. தண்ணீர் முழுவதும் மீடியாவைத் தொடாமல் அந்தப் பொந்து வழியாகவே இறங்கியிருக்கிறது. பெரியவர் பேக்வாஷுக்குத் திறந்தது மாடித் தொட்டியின் நீரை. பத்தடி உயரத்திலிருந்து புவியீர்ப்பில் வரும் நீரின் அழுத்தம் 0.3 பார்தான். அந்த ஓட்டம் படுகையின் மேலே இருந்த சேற்றை மட்டும் அலசியதே தவிர, மணிகளைத் தூக்கவே இல்லை. அந்த மீடியாவை வெளியே எடுத்து, பக்கெட் பக்கெட்டாகக் கழுவி, மீண்டும் போட்டோம். புதிது வாங்கவில்லை.

ஆகவே பேக்வாஷ் செய்தோமா என்பதோடு நிற்காமல், எவ்வளவு வேகத்தில் செய்தோம் என்று பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 10 அங்குல விட்டமுள்ள எஃப்ஆர்பி (கண்ணாடியிழை) டேங்கில், பிர்ம் போன்ற எடை குறைந்த மீடியாவைத் தூக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும். மாங்கனீசு டை ஆக்சைடு தாது போன்ற கனமான மீடியாவுக்கு நிமிடத்துக்கு 50 லிட்டரோ அதற்கு மேலோ தேவைப்படலாம். 13 அங்குல டேங்க் என்றால் இந்த அளவுகள் ஏறக்குறைய 35, 85 என்று ஆகிவிடும். உங்கள் மோட்டார் இதைத் தருகிறதா என்று பார்ப்பது எளிது. பேக்வாஷ் நிலையில் கழிவுக் குழாயின் முனையில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்து, நிரம்பும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லிட்டர், 24 வினாடியில் நிரம்பினால் 50 லிட்டர். கழிவுக் குழாயை அரை அங்குலத்துக்குக் குறுக்கி, தோட்டம் வரை நீளமாக இழுத்திருந்தால், மோட்டாருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் ஓட்டம் வராது. அதேபோல் டேங்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மீடியாவால் நிரப்பியிருந்தாலும் மணிகள் எழும்பிப் புரள இடமிருக்காது. மேலே மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும்.

பேக்வாஷைக் கழிவு நீர் தெளியும்வரை செய்ய வேண்டும். அதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு ரின்ஸ் (அலசும்) நிலையில் மூன்று நான்கு நிமிடம் விட்டு, அதற்குப் பின்பே ஃபில்டர் நிலைக்கு வர வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் கிளறிவிட்ட சேறு மீண்டும் படுகையிலேயே இறங்கிவிடும். இந்த நிலைகளை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்திவிட்டே திருப்புங்கள். ஓடும் அழுத்தத்தில் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கட் பிதுங்கிவிடும். அதன்பிறகு சுத்திகரிக்காத நீர் நேராக வெளியே போகும் நீரில் கலக்கும், யாரும் மீடியாவைத்தான் குறை சொல்வார்கள். ஃபில்டர் நிலையில் இருக்கும்போது கழிவுக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால், அந்த கேஸ்கட் மீது சந்தேகப்படுங்கள். வீட்டுக் குழாயில் கறுப்பு மணிகளே வந்தால், டேங்கின் அடியில் உள்ள நீர்ப் பகிர்வுக் குழாய் உடைந்திருக்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

இனி காற்றின் பக்கம் வருகிறேன். உங்கள் அமைப்பில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். போர் நீர் வெளிக்காற்றைப் பார்க்காமலே ஃபில்டருக்குள் போகிறது. ஆக்சிஜன் இல்லாத நீரைக் கொடுத்துவிட்டு, இரும்பைத் துருவாக்கு என்று மீடியாவிடம் எதிர்பார்க்கிறோம். முதல் ஆறு மாதம் நன்றாக ஓடியதற்குக் காரணம், புதிய மீடியாவின் மேற்பரப்பில் இருந்த மாங்கனீசு டை ஆக்சைடு தன்னிடமிருந்த ஆக்சிஜனைக் கொடுத்து இரும்பைப் பிடித்துவைத்ததாகவே இருக்கும். அந்த இருப்பு தீர்ந்ததும் வேலையும் நின்றது. உங்கள் இரண்டாவது பாட்டில் பிடித்தபோது தெளிவாகவும் காலையில் காவியாகவும் இருந்தால் இந்த ஊகம் வலுப்பெறும்.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். காற்றோடு நன்றாகக் கலந்த நீரில், நம் ஊர் வெப்பத்தில், லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் தங்கும். வீட்டில் சம்ப் இருக்கிறது என்றால், போர் நீரை முதலில் அதில் விழவிடுங்கள். ஓட்டைகள் போட்ட பிவிசி குழாயிலோ அகன்ற ஷவரிலோ இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து மழையாக விழ வேண்டும். சம்ப்பில் ஒரு மணி நேரமாவது தங்கிய பிறகு, சிறிய மோட்டாரால் ஃபில்டர் வழியாக மாடிக்கு ஏற்றுங்கள். இரும்பில் கணிசமான பங்கு சம்ப்பிலேயே படிந்துவிடும், ஃபில்டருக்குச் சுமை குறையும். இதற்கு விலை, சம்ப்பை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறங்கிக் கழுவ வேண்டும் என்பது. மூடியைக் கொசுவலை போட்டு அடைக்கவும் மறக்காதீர்கள்.

இந்தத் தீர்வு பலிக்குமா என்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. பிஎச் 7க்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம் நியாயமான அவகாசம். ஆனால் பிஎச் ஒரு புள்ளி குறைந்தால் இந்த மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தின் செம்புரை நிலங்களில் 6க்கு அருகிலுள்ள கிணற்று நீரில் வெறும் காற்றை நம்பிப் பயனில்லை, சுண்ணாம்புக் கல் படுகையோ வேறு வழியோ வேண்டும். உங்கள் பகுதி நீர் பொதுவாக அவ்வளவு அமிலத் தன்மை கொண்டதல்ல, என்றாலும் அளக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் டேங்கில் இருக்கும் மீடியாவின் பெயரைப் பில்லில் பாருங்கள், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். இது முக்கியம், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு. கிரீன்சாண்ட் என்ற மீடியாவும் மாங்கனீசு டை ஆக்சைடு தாதுவும் குளோரினைத் தாங்கும், அதனால் புத்துயிரும் பெறும். பிர்ம் தாங்காது, அதன் மேற்பூச்சே போய்விடும். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டால் இரும்பு போகும் என்று பக்கத்து வீட்டில் சொல்வது பாதி உண்மை. இரும்பு துருவாகும், ஆனால் உள்ளே இருப்பது பிர்ம் என்றால் மீடியா அதிலேயே வீணாகும். இன்னொன்று, கறை நீக்க விற்கும் ஆக்சாலிக் அமிலத்தை ஃபில்டருக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது துருவோடு சேர்த்து மாங்கனீசு டை ஆக்சைடையும் கரைத்துவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

உங்கள் விவரத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பொடியாகக் கையில் ஒட்டினால் அது வெறும் துரு. கொழகொழவென்று ஆரஞ்சு நிறத்தில் வழுக்கினால், இரும்பு பாக்டீரியா இருக்க வாய்ப்பு அதிகம். இவை உடம்புக்கு நேரடியாகத் தீங்கு செய்வதில்லை, ஆனால் மீடியாவை ஒட்டவைத்துப் பாறையாக்கிவிடும். அப்போது போரையே குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். ஆறரை அங்குல போரில் அடிக்கு 6.5 லிட்டர் நீர் நிற்கும். 280 அடியில் நீர்மட்டம் 80 அடி என்றால் 200 அடிக்கு 1,300 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கிடைக்க, 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 430 கிராம் வேண்டும். பக்கெட்டில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் போரில் ஊற்றி, ஒரு இரவு விட்டு, மறுநாள் வாசனை போகும்வரை வெளியேற்றுங்கள். அந்த நீர் ஃபில்டருக்குள்ளும் போகக் கூடாது, செடிகளுக்கும் போகக் கூடாது. பாக்டீரியா முற்றிலும் ஒழிந்துவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். பல போர்களில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, மீடியாவை எப்போதுதான் மாற்றுவது? பேக்வாஷ் ஓட்டம் சரியாக இருந்து, காற்றும் கிடைத்து, பிஎச்சும் ஏற்றதாக இருந்து, தாங்கக்கூடிய மீடியா என்றால் குளோரினில் ஊறவைத்தும் பார்த்த பிறகு, வெளியே வரும் நீரில் இரும்பு குறையவில்லை என்றால் மாற்றுங்கள். கையில் எடுத்த மணிகள் விரலிடையில் மாவாக நொறுங்கினாலும், மேற்பூச்சு உரிந்து வெளிறியிருந்தாலும் மாற்றுங்கள். மாற்றும் நாளில் அருகிலேயே நின்று, அடியில் கூழாங்கல், மேலே மீடியா என்று எத்தனை மூட்டை போகிறது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

குடிநீரைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போனால் துணியிலும் பாத்திரத்திலும் கறை பிடிக்கும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்தை வைத்து இரும்புக்குத் தனி வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஆனால் இரும்போடு அடிக்கடி கூட வரும் மாங்கனீசுக்கு 0.08 மில்லிகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் கறை காவியாக இல்லாமல் கறுப்பாக இருந்தால், அல்லது பால்புட்டியில் குடிக்கும் குழந்தை இருந்தால், மாங்கனீசையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். இரும்பு நீரை நேராக ஆர்.ஓ. கருவிக்குள் விட்டால் அதன் சவ்வு விரைவில் அடைத்துக்கொள்ளும். மஞ்சளித்த வெள்ளைத் துணிகளுக்கு பிளீச் போடாதீர்கள், கறை இன்னும் ஊன்றிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கரைத்த நீரில் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இரும்பு, மாங்கனீசு, பிஎச் மூன்றையும் கேளுங்கள். இரும்புக்கான மாதிரியை அமிலம் இட்ட தனி பாட்டிலில் எடுக்க வேண்டும், அதை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். சாதாரண பாட்டிலில் எடுத்தால் போகும் வழியிலேயே இரும்பு படிந்து பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் எண் குறைவாக வரும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் என இரண்டு மாதிரிகள் கொடுங்கள். அந்த எண்கள், மூன்று பாட்டில்களின் காலை நிலை, பக்கெட் நிரம்பிய வினாடி, மீடியாவின் பெயர் இவற்றை இங்கேயே எழுதினால், சம்ப் வழி போதுமா, குளோரின் செலுத்தும் சிறு பம்ப்பும் தேவையா என்பதை அளவோடு கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை புதிய மீடியாவுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.